பாசி பிடிக்காத வலை

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். நீங்க எதுவரைக்கும்? சேலமா? நான் அதுக்கும் மேல. தருமபுரி போய் எறங்கி, அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு. கோணமலை அணைன்னு இருக்குது. சின்ன அணைதான், கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

தூத்துக்குடிக்கு எங்க வீட்டுக்காரரப் பாக்க வந்தேன். வேலைக்கு வந்தவரு இல்ல, அவரு ஊரே அதுதான். எங்ககூட அணைக்கட்டுல இருந்தாரு. போன வருஷம் திரும்பி வந்துட்டாரு. சண்டையெல்லாம் இல்லக்கா. எங்களுக்குள்ள சண்டையே கெடையாது. மீனாலதான் எல்லாம். மீனு செத்துப் போச்சு.

நீங்க முழிக்கறீங்க. மீனு செத்ததுக்கு யாராச்சும் பொண்டாட்டிய விட்டுட்டுப் போவாங்களான்னு. சொன்னாத்தான் புரியும்.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் தூத்துக்குடிலதான் எறா கம்பெனில இருந்தேன். எங்க ஊர்ப் பக்கத்துலேருந்து நெறையப் பொண்ணுங்க வந்து ஹாஸ்டல்ல தங்கி எறா உரிப்போம். அவரு மீன் புடிக்கற லாஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கறவரு. கஸ்பாருன்னு பேரு. லாஞ்ச கரையில இழுத்துப் போட்டு, அடிப்பக்கம் ஒட்டியிருக்கற சிப்பி, பாசியெல்லாம் சொரண்டி எடுத்துட்டு செவப்பா ஒரு பெயின்ட் அடிப்பாங்க. அத அடிச்சா அப்புறம் எதுவும் வந்து ஒட்டாது. அந்த வேலை. கம்பெனி வாசல்ல டீ குடிக்க வருவாரு. கையெல்லாம் செவப்பா இருக்கும், மருதாணி வச்ச மாதிரி. நான்தான் சிரிச்சேன் மொதல்ல. அவ்ளோதான், அப்படியே ஆயிப்போச்சு.

வேற சாதி, வேற சாமி. எங்கப்பா ரொம்ப நாள் பேசல. அப்பா செத்தப்புறம் என் தம்பி சென்னையன்தான் போன் பண்ணி, "அக்கா, ரெண்டு பேரும் வந்துருங்க. அணையில கூண்டு போட்டு மீன் வளக்கலாம்னு இருக்கறேன். ஒத்தையா முடியாது"ன்னான். இவரு ஒரு நிமிஷம் யோசிக்கல. "கடலோ கொளமோ, தண்ணிதான. போவோம்டி"ன்னாரு.

கூண்டுன்னா என்னன்னு சொல்லிடறேன். தண்ணிக்கு நடுவுல ட்ரம்மு மெதக்க விட்டு, அதுல இரும்புச் சட்டம் கட்டி, சட்டத்துலேருந்து வலையப் பை மாதிரி தொங்க விடுவோம். அந்தப் பைக்குள்ள மீனு. தெனம் பரிசல்ல போய்த் தீனி போடணும்.

பரிசல்லதான் இவரு மானம் போச்சு. கடக்கரைக்காரருக்கு லாஞ்சு தெரியும், வள்ளம் தெரியும், பரிசல் தெரியாது. துடுப்பப் போட்டாருன்னா நின்ன எடத்துலயே சுத்தும். கரையில பொம்பளைங்க துணி தொவைக்கறத விட்டுட்டு வேடிக்கை பாப்பாங்க. "தீர்த்தம்மா புருஷன் ராட்டினம் சுத்தறாரு"ன்னு கத்துவாங்க. இவரும் சிரிப்பாரு. ஆனா வீட்டுக்கு வந்து மூஞ்சி தொங்கிப் போயிரும். எனக்குத் தெரியும். அந்த ஊர்ல அவருக்குன்னு தெரிஞ்சது ஒண்ணுமே இல்லாமப் போச்சு பாருங்க. எல்லாத்துக்கும் என் தம்பியக் கேக்கணும். என் தம்பி அவரவிட எத்தன வயசு சின்னவன்.

ஆனா மீனு அவருகிட்ட ஒட்டிக்கிச்சுக்கா. அவரு பரிசல் கிட்ட வந்தாலே மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். நாங்க தீனிய வீசிட்டு வந்துருவோம். இவரு கையத் தண்ணிக்குள்ள விட்டு வச்சிருப்பாரு. வெரல வந்து சப்பும். "கடல்ல பொறந்து வளந்தும் மீன செத்துத்தாம்டி பாத்திருக்கேன். உயிரோட இப்பத்தான் பழகுறேன்"னு சொல்லுவாரு.

கூண்டுல பெரிய தொல்லை எதுன்னா பாசி. வெயில் காலத்துல வலைக்கண்ணு பூரா அடைச்சிரும். அடைச்சா தண்ணி உள்ள போய் வராது, மீனுக்கு மூச்சு முட்டும். அதனால வலையத் தூக்கித் தூக்கித் தேய்க்கணும். தம்பி முங்கி முங்கித் தேய்ப்பான், காதுல சீழ் வச்சிருச்சு. நான் மேல உக்காந்து பிரஷ்ஷு போட்டுத் தேய்ப்பேன். பாருங்க இந்த வெரல. இப்ப ஆறிப்போச்சு. அப்ப தோலே இருக்காது. சோறு பெசஞ்சா எரியும். ஒருநா நான் சாப்பிடாம கையக் கழுவறத இவரு பாத்துட்டாரு. கையப் புடிச்சு வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

மறுநா தம்பிகிட்ட போய், "சென்னையா, பாசியே பிடிக்காம பண்ணினா என்ன?"ன்னாரு.

"அது எப்படி மாமா முடியும்?"

"நாங்க லாஞ்சுக்கு அடிக்கற பெயின்ட் இருக்கே. கடல்ல மாசக்கணக்கா கெடக்கும், ஒரு புல்லு பூண்டு ஒட்டாது. வலைய அதுல முக்கி எடுத்துக் காயப் போட்டு எறக்குவோம். ட்ரம்முக்கும் அடிப்போம். ஒரு தேய்ப்பும் வேணாம்."

தம்பி என்னப் பாத்தான். "நல்லாத்தான இருக்குது, செய்யுங்க"ன்னு நான்தான் சொன்னேன். அவ்ளோ சந்தோசமா அவரு மூஞ்சிய அங்க வந்ததுலேருந்து நான் பாக்கல.

சிநேகிதக்காரர வச்சு தூத்துக்குடிலேருந்து லாரில டப்பா வர வச்சாரு. ட்ரம்ம ரெண்டா வெட்டி, அதுல பெயின்ட்ட ஊத்தி தின்னர் கலந்து, வலையப் போட்டு முக்குனாரு. அன்னைக்கு ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. ராட்டினம்னு சிரிச்சவங்களே, "அண்ணே, இது என்ன மருந்து? அண்ணே, எங்க பரிசலுக்கு அடிக்கலாமா?"ன்னு கேட்டாங்க. இவரு ஒவ்வொருத்தருக்கா வெளக்கம் சொன்னாரு. கை திரும்பவும் செவப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த மாதிரியே இருந்தாருக்கா.

பழைய மீன வித்துட்டு, அந்தச் செவப்பு வலையில புதுக் குஞ்சு விட்டோம். சொன்ன மாதிரியே பாசி பிடிக்கல. வலையத் தூக்கிப் பாத்தா நேத்து வாங்குன மாதிரி இருக்கும். தம்பி முங்கறத விட்டான். என் வெரலு ஆறிச்சு. "பாத்தியாட்டி"ன்னு என் கையப் பொரட்டிப் பொரட்டிப் பாப்பாரு. அந்தக் கொஞ்ச நாள்தான் நாங்க சந்தோசமா இருந்த இருப்பு.

அப்புறம் ஒருநா தீனி போட்டுட்டு வந்து, "ஏட்டி, குஞ்சு மேல வர மாட்டேங்குது"ன்னாரு. புதுக் குஞ்சு, பழக்கமில்லன்னு நெனச்சோம். தீனி அதுங்க மூக்குக்கு நேரா விழுது, திரும்பிப் பாக்கல. கண்ணு தெரியாத மாதிரி பக்கத்துலயே சுத்துது, தின்ன மாட்டேங்குது. இவரு கைய விட்டாரு. ஒண்ணுகூட வரல. தீனிய மாத்துனோம். கம்பெனிக்காரன் பழசக் குடுத்துட்டான்னு தம்பி கத்துனான். வெயில்னு நெனச்சு மேல பச்சைத் துணி கட்டுனோம். தண்ணியும் அப்ப வத்திப் போயி, கூண்டு நிக்கற எடம் குட்டை மாதிரி ஆயிருச்சு. அதனாலன்னு நெனச்சோம்.

கரையோரக் கல்லுல நத்தை ஒட்டியிருக்கும், அதெல்லாம் உதுந்து போச்சு. வெறும் ஓடு கெடந்துச்சு. அதையும் வெயில்தான்னு நெனச்சோம்.

அப்புறம் ஆரம்பிச்சுது. மீனு தண்ணி மேல வந்து வாயப் பொளந்து பொளந்து மூடும். தீனிக்கு வர்ற மாதிரியே இருக்கும்கா, ஆனா தீனிக்கு இல்ல. மூச்சுக்கு. ஒண்ணு ரெண்டு பொரண்டு வெள்ளை வயிறு காட்டுச்சு. இவரு ஒவ்வொண்ணாக் கையில எடுத்து, தண்ணியில முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி விடுவாரு, தண்ணி செவுள்ல போகட்டும்னு. கொழந்தைக்குப் பண்ற மாதிரி. விட்டா கொஞ்ச தூரம் போகும், திரும்பப் பொரளும். பொழுதுக்கும் அதையே பண்ணிட்டு இருந்தாரு. "வாங்க, சாப்பிட்டு வரலாம்"னு தம்பி கூப்ட்டான். வரல.

மறுநாள் காலையில கூண்டு பூரா வெள்ளை. ஒரு கூண்டு இல்ல, எல்லாக் கூண்டும்.

மீன்வளத்துறை மேடத்துக்குப் போன் பண்ணோம். பர்வீன் மேடம். சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து கொஞ்ச காலந்தான். வந்து தண்ணி எடுத்தாங்க. ஒரு மீன எடுத்து செவுளத் தூக்கிப் பாத்தாங்க. ரத்தச் செவப்பா இருக்க வேண்டியது வெளுத்துப் போயி, மேல வழவழன்னு கோழை கட்டியிருந்துச்சு. அப்புறம் வலைய ஒரு மொனையில புடிச்சு நகத்தால சொரண்டுனாங்க. நகத்துல செவப்பு வந்துச்சு.

"இது என்ன?"ன்னாங்க.

இவருதான் முன்னாடி போனாரு. அப்பக்கூட அவருக்குத் தோணல பாருங்க. அவசர அவசரமா வீட்டுக்கு ஓடிப் போயி காலி டப்பாவ எடுத்துட்டு வந்து, "நல்ல பெயின்ட்டு மேடம். லாஞ்சுக்கு அடிக்கறது. பாசி பிடிக்காது"ன்னு பெருமையாச் சொன்னாரு.

அந்தப் பொண்ணு டப்பாவ வாங்கி, மேல எழுதியிருந்ததப் படிச்சுச்சு. அப்புறம் மெதுவாத்தான் சொல்லுச்சு. இதுல செம்பு இருக்குது, வேற மருந்தும் கலந்திருக்குது. ஒட்ட வர்ற உயிரக் கொல்றதுதான் இதோட வேலையே. கடல்லயே இது கெடுதல்தான், ஆனா அங்க தண்ணி பெருசு, உப்பும் இருக்குது. லாஞ்சும் ஓடிட்டே இருக்கும். இங்க உப்பில்லாத மழைத்தண்ணி, அதுவும் வத்திப்போன தண்ணி. மீனு நாள் பூரா அந்த வலைக்குள்ளயே கெடக்குது. கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு வந்து செவுள்ல புடிச்சிருச்சு. மொதல்ல மோப்பம் போயிரும். தீனி பக்கத்துல இருந்தாலும் தெரியாது. அப்புறம் மூச்சு.

இவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"வலிச்சிருக்குமா மேடம், அதுங்களுக்கு?"

அந்தப் பொண்ணு பொய் சொல்லியிருக்கலாம்ல? "தெரியல"ன்னாவது சொல்லியிருக்கலாம். "மூச்சு முட்டித்தான் செத்திருக்கும்ணே"ன்னு சொல்லிருச்சு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்தப் பொண்ணு மேல ஆத்தரம். அது சொன்ன சொல்லுதான் அவரக் கொன்னு போட்டுச்சு.

அது ஒண்ணு. இன்னொண்ணு என் தம்பி. அதுவரைக்கும் மாமா, மாமான்னு இருந்தவன், எல்லாரு முன்னாடியும், "யோவ், எங்க தண்ணிய வெஷமாக்கிட்டியேய்யா"ன்னு கத்திட்டான். யோவ்னு. ஊர்க்காரங்களும் சேந்துக்கிட்டாங்க. மாடு தண்ணி குடிக்குதே, நாங்க குளிக்கறமே, அப்படின்னு. கேக்காம இருப்பாங்களா? நேத்து எங்க பரிசலுக்கு அடிங்கன்னு கேட்டவங்கதான்.

இவரு என்னப் பாத்தாரு. நான் கரையில நின்னுட்டு இருந்தேன். என்னையே பாத்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் திட்டறப்ப கட்டுனவளும் திட்டுனா எப்படி? வாயே தொறக்கல.

செத்த மீனெல்லாம் அள்ளிக் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சோம். வலைய வெளிய எடுக்கணும், தண்ணியில அலசக் கூடாது, எரிக்கக் கூடாது, அவங்களே வண்டி அனுப்பி எடுத்துப்பாங்கன்னு மேடம் சொல்லிட்டுப் போனாங்க. அந்த வலைய ஒருத்தரையும் தொட விடல இவரு. தனியாப் போயி ஒவ்வொண்ணா அவுத்து, பரிசல்ல ஏத்தி, கரைக்குக் கொண்டாந்தாரு. அன்னைக்குப் பரிசல் ஒரு சுத்துகூட சுத்தலக்கா. அம்பு மாதிரி நேரா வந்துச்சு. துணி தொவைக்கற பொம்பளைங்க எல்லாம் இருந்தாங்க. ஒருத்தி சிரிக்கல, ஒருத்தி வாயத் தொறக்கல. நான் பாத்தேன். சொல்லணும்னு தோணுச்சு. அப்புறம் இந்த நேரத்துல அத எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் வீட்ல அவரு சோத்து முன்னாடி உக்காந்திருப்பாரு. மண்ணெண்ணெய் போட்டுக் கையத் தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கி வச்சிருப்பாரு. "தீர்த்தா, ஏதாச்சும் சொல்லு"ம்பாரு. நான் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பேன். "திட்டவாவது செய்யி"ம்பாரு. நான் கொழம்பு ஊத்துவேன். கோவம் இல்லாம இருக்குமாக்கா? நான் பொய் சொல்லல. எனக்கும் இருந்துச்சு. வாயத் தொறந்தா ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு வந்துருமோன்னு பயம். அதான் வாயக் கட்டிக்கிட்டேன். அதவிடப் பெருசா ஒருத்தி என்ன செஞ்சிர முடியும்? எத்தன பொம்பளைங்க புருஷன நாலு பேரு முன்னாடி கேவலமாப் பேசறாங்க. எங்கிட்டேருந்து ஒரு சொல்லு அவரு வாங்கல.

ஒரு ஞாயித்துக்கெழம தூத்துக்குடில மாதா கோயில் திருவிழான்னு சொல்லிட்டுக் கெளம்புனாரு. பையில ரெண்டு சட்டைதான் எடுத்தாரு. நானும் வந்துருவாருன்னுதான் இருந்தேன். திருவிழா முடிஞ்சுது. வரல. போன் பண்ணா எடுப்பாரு, "நல்லா இருக்கியா"ம்பாரு. நானும் "ம்"ம்பேன். அப்படியே ஒரு மழைக்காலம் போயிருச்சு.

மழையில அணை ரொம்புச்சு. மேடம் வந்து தண்ணிய எடுத்துப் பாத்து, இனி பயமில்ல, பெயின்ட் இல்லாத வெள்ளை வலையே போடுங்க, பாசிய கையாலயே தேய்ங்கன்னாங்க. தம்பியும் போட்டான். கல்லுல பொடி நத்தைகூட வந்திருக்குது. போன வாரம் தம்பி எங்கிட்ட வந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அக்கா, மாமாவக் கூட்டிட்டு வந்துரு. நான் அன்னைக்கு வாய் விட்டுட்டேன். நானே வரட்டுமா?"ன்னான். வேணாம், நானே போறேன்னு கெளம்பி வந்தேன்.

லாஞ்சுப் பட்டறையில போய்க் கேட்டேன். கஸ்பாரு இப்ப பெயின்ட்டே தொடறதில்லன்னு சொன்னாங்க. ஐஸ் கம்பெனில பாளம் ஏத்தறாராம். போனேன். சட்டை நனைஞ்சு, கை வெள்ளையா ஊறிப் போயி, ஐஸ் பாளத்தக் கொக்கி போட்டு இழுத்துட்டு இருந்தாரு. எளைச்சுப் போயிட்டாருக்கா. என்னப் பாத்ததும் கொக்கி கையிலேருந்து விழுந்துருச்சு.

எதுத்தாப்புல டீக்கடை. உக்காந்தோம். மொதல்ல மீனத்தான் கேட்டாரு. புதுக் குஞ்சு மேல வருதா? வருதுன்னு தலையாட்டுனேன். சென்னையன் காது எப்படி இருக்கு? தேவலன்னேன். அப்புறம் என் கையப் பாத்தாரு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதுல வெரலு கொஞ்சம் உரிஞ்சிருக்குது. முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

"சென்னையன் உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னான்"னேன்.

"அவன் சொன்னான், சரி. நீ என்ன சொல்ற?"

இது என்ன கேள்விக்கா? நேத்து விடியக் கெளம்பி, பஸ்ஸு மாறி மாறி, இடுப்பு ஒடிய உக்காந்து வந்திருக்கறேன். எதுக்கு வந்திருக்கறேன்? வேலையத்துப் போயா? அதக்கூடவா வாயத் தொறந்து சொல்லணும்? நான் டீயக் குடிச்சேன். அவரு காத்துட்டே இருந்தாரு. அவரு கிளாஸுல டீ ஆறிப்போயி ஆடை கட்டிருச்சு. உள்ளேருந்து மேஸ்திரி கூப்ட்டான். எந்திரிச்சுப் போயிட்டாரு.

இன்னைக்குக் காலையில பஸ் ஏத்திவிட வந்தாரு. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தாரு. வரேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. பஸ்ஸு கெளம்பற வரைக்கும் அங்கயே நின்னாரு. நல்ல மனுஷன்தான். என்ன நெனைக்கறாருன்னுதான் எனக்கு ஒண்ணும் புரியல. ரொம்ப அழுத்தம்.

என்னக்கா? போன் பண்ணவா? இப்பவா? என்ன சொல்றது? அது எப்படிக்கா, "நீங்க இல்லாம என்னால முடியல"ன்னெல்லாம், சினிமாவா? சரி, நீங்க இவ்ளோ சொல்றீங்க. இருங்க. அடிக்குது.

ஹலோ. ஆங், நான்தான். பஸ்லதான். மதுரை தாண்டியாச்சு. ம். சாப்பிட்டேன். ம். இல்ல, சும்மாத்தான் பண்ணேன். இல்லங்க, ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லங்க. சத்தமா இருக்குது, பஸ்ஸு. சரி. ம்.

என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு, சொல்லுன்னு ரெண்டு தரம் கேட்டாருக்கா. முன்னாடி சீட்டுல ஆளுங்க, கண்டக்டர் வேற நிக்கறாரு. இங்க வச்சு என்னத்தச் சொல்றது? ஊரு போய்ச் சேந்து நிதானமாச் சொல்லிக்கலாம்.

அவரு வைக்கல. நான்தான் வச்சேன்.